இரண்டு கோலுக்கும் பூசணிக்காய்

அக்டோபர், திங்கள்

காலையில் தூறல். கால்பந்துச் சங்கம் என்னை ஒரு தீவு நாட்டு அணிக்குத் தொடர்பாளராகப் போட்டிருக்கிறது. கால்பந்துத் தரவரிசையின் அடிமட்டத்து நாடுகள் தகுதிச்சுற்று ஆட இங்கே வந்திருக்கின்றன. அவற்றிலும் கடைசி என்னுடையது. கழுத்தில் மாட்ட அட்டை தந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை.

அணிக்கு அறை ஊர்க்கோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில். பயிற்சி அதையும் தாண்டி ஆனேக்கல்லில். ஆட்டம் நகரத்தின் நடுவில். தற்செயலாக இப்படி அமையாது. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

செவ்வாய்

வெயில். ஆனேக்கல் மைதானத்தில் ஏதோ கம்பெனியின் கிரிக்கெட். அனுமதிக் கடிதம் அவர்களிடமும் இருந்தது, நம்முடையதைவிட நல்ல தாளில். பையன்கள் பார்க்கிங்கில் பாஸ் பழகினார்கள்.

கோல்கீப்பர் யூசுப் மட்டும் தனியாக, சுவரில் உதைத்து உதைத்துப் பிடித்துக்கொண்டு. ஊரில் தபால்காரர். முப்பத்தெட்டு வயது. வியாழக்கிழமை டிரா செய்தால் போதும், அடுத்த சுற்று. தோற்றால் அவர்களுக்கு இரண்டு வருடம் சர்வதேச ஆட்டமே கிடையாது. அதற்குள் தனக்கு நாற்பது ஆகிவிடும் என்றார், மழை வரும் என்பதுபோல.

வாங்க: ஐஸ், வாழைப்பழம், முழங்கால் பட்டை. எனக்கு வயிற்றெரிச்சல் மாத்திரை.

புதன், ஆயுத பூஜை

பஸ் முகப்பில் இரண்டு வாழைக்கன்று. டிரைவருக்கு இடப்பக்கம் தெரியவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார்.

ஒருவழியாகப் பெரிய மைதானத்தில் பயிற்சி. முடிந்ததும் மைதான ஊழியன் முனிராஜ் (ஜீவனஹள்ளியில் எனக்கு அடுத்த தெரு) ரோலருக்கும் புல்வெட்டும் மெஷினுக்கும் பொட்டு வைத்தான். சரி. கோல் கம்பங்களுக்கு மாலை. அதுவும் சரி. பிறகு குங்குமம் தடவிய பூசணிக்காய், கோல் கோட்டின்மேலேயே, பக்கத்துக்கு ஒன்று. பாரபட்சம் இல்லை. வெளியே போய் உடை என்றேன்.

"இன்னாண்ணா, வண்டிக்கு வண்டி முன்னாடிதானே உடைக்கிறோம். கோல் போஸ்டுக்கு மட்டும் வெளிய கேட்டாண்டயா போய் உடைப்பாங்க?"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. சங்கச் செயலாளரிடம் முறையிட்டேன். கூட்டிவிடுவார்கள் என்று சொல்லி என் கையில் பொரியைக் கொட்டினார். வாய் நிறையப் பொரியோடு மேற்கொண்டு வாதாட முடியவில்லை. முனிராஜ் இரண்டையும் உடைத்தான். யூசுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

வியாழன்

கூட்டியிருந்தார்கள். துடைப்பத்துக்கு அகப்பட்டது போயிற்று, புல்லுக்குள் இறங்கியது தங்கிவிட்டது. காலையில் மழை வேறு.

எதிரே ஆடிய மலைநாட்டு அணி அடித்ததையெல்லாம் யூசுப் பிடித்தார். விரல்நுனியால் ஒன்று, முகத்தால் ஒன்று. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் தப்பு. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒன்றுமில்லாத ஒரு பந்து, கடைக்குப் போகிற மாதிரி உருண்டு வந்தது. எடுக்க ஓரடி வைத்தார். கால் வழுக்கிக்கொண்டு போயிற்று. பந்து அவரைத் தாண்டி, அவசரமே இல்லாமல், உள்ளே.

ஒன்று–பூஜ்யம். எழுந்தபோது ஜெர்சியில் பூசணி விதைகள்.

வெளியே வரும்போது முனிராஜ் ஆறுதல் சொன்னான்: "நல்லவேளைண்ணா, கை கால் உடையல. நேத்து உடைச்சோமே, அதான் காப்பாத்துச்சு."

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வெள்ளி

மேகமூட்டம். விமான நிலையத்துக்கு அதே பஸ், வாடிய அதே வாழைக்கன்று. சங்கத்தின் சார்பில் ஆளுக்கொரு மைசூர்பாகு பெட்டி. யூசுப் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் காய் எதற்கு என்று மட்டும் கேட்டார். திருஷ்டி கழிக்க, பொறாமைக்காரர்கள் கண் படாமல் இருக்க என்றேன்.

டோல் கேட் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எங்களைப் பார்த்து யார் சார் பொறாமைப்பட்டது?"