இரு தோளையும் தட்டினால் வேகம்

இன்று காலை கேஎல் சென்ட்ரல் ரயில் நிலைய லிப்டில் என் சக்கர நாற்காலிக்குப் பின்னால் யாரோ ஏறினார்கள். உன் கையில் எப்போதும் இருக்கும் அந்த எண்ணெய் வாடை, கற்பூரமும் ஜாதிக்காயும் கலந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்கோலோடு வேறு ஒருவர். உன் தொழில்காரராகத்தான் இருக்கும். கதவு திறப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை, உன் மேல்.

பிரிக்பீல்ட்ஸில் நீ உடம்பு பிடித்துவிடும் கடைக்குப் பக்கத்துக் கடையில் நான் ரவிக்கை தைத்தேன். உனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எனக்குப் போலியோவில் இரண்டு கால்களும் போயின. மாடிப்படி இருக்கிறது என்று சொல்லிப் பள்ளியில் என்னைச் சேர்க்கவில்லை. பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளை எழுத்துக் கூட்டி நானாகத்தான் படித்தேன். அப்படிக் கற்றதை உனக்கு மத்தியானங்களில் வாசித்துக் காட்டினேன். ஒருநாள் ஒரு விளம்பரம் வந்தது. தெலுக் பங்லிமா காராங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் ஏடிவி வண்டி ஓட்டலாம். தடித்த டயர் நான்கு, மேடு பள்ளம் பார்க்காத வண்டி. வேகமும் பிரேக்கும் கையில்.

"கையிலயா? அப்ப நமக்குன்னே செஞ்சிருக்கான் அக்கா!" என்றாய்.

அந்த இடத்து முதலாளி நம்மைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "டாக் போலே ஆன்டி, முடியாது. ஓகேயூ ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் கெடையாது லா." ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் அந்த மூன்றெழுத்தை நம்மிடம் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் மெத்தென்று ஆகிவிடும். நான் நகரவில்லை. வாசலை அடைத்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். மற்ற வாடிக்கைக்காரர்கள் உள்ளே போக வழியில்லாமல் நின்றார்கள். கடைசியில் அவரே வந்து வண்டியைக் காட்டினார்.

பிறகு நமக்குள் சண்டை. எனக்குக் கண் இருக்கிறது, கையும் நன்றாக இருக்கிறது, நான்தான் ஓட்டுவேன் என்றேன்.

"நீங்க ஓட்டினா நான் பின்னால காத்து வாங்கணும். அதுக்கு வீட்ல ஃபேன் இருக்கு அக்கா."

முதல் சுற்று உனக்கு என்று விட்டுக்கொடுத்தேன். வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்தவை குறைவு, இதைக் கணக்கில் வைத்துக்கொள். பழைய சேலை ஒன்றைக் கிழித்து என் கால்களை வண்டியின் கால்மிதியோடு கட்டினேன். அடையாளங்களை நீதான் வகுத்தாய். இடது தோளைத் தட்டினால் இடப்பக்கம், வலது தோளைத் தட்டினால் வலப்பக்கம், இரண்டையும் தட்டினால் வேகம்.

"நிறுத்தணும்னா?" என்று கேட்டேன்.

"நிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

மழை பெய்து ஓய்ந்த மண். மரவரிசைக்குள் நுழைந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. நீ ஏதோ பாடினாய், எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. திடீரென்று எதிரே ஒரு கால்வாய் மேடு. பயத்தில் உன் இரண்டு தோள்களையும் இறுகப் பிடித்தேன்.

நீ வேகத்தைக் கூட்டினாய்.

வண்டி மேட்டிலிருந்து எழும்பி, ஒரு கணம் எதன்மீதும் இல்லாமல் இருந்து, அப்பால் சேற்றில் விழுந்து நின்றது. தலைக்கவசத்துக்குள் எல்லாம் சேறு. "நிறுத்துடா குருட்டுக் கம்முனாட்டி!" என்று நான் கத்தியது நாம் நின்ற பிறகுதான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பறந்தோமா அக்கா? சொல்லுங்க, பறந்தோமா?" பறந்தோம் என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாய். அதன்பின் மாதா மாதம் போனோம். ஒரு சுற்று நீ, ஒரு சுற்று நான்.

பிறகு ஒருநாள் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். பெட்டாலிங் ஜெயாவில் உன் அண்ணன் வீட்டு வாசலில் இரண்டு படி. என்னைத் தூக்கிவிட ஆளில்லை, அதனால் கார் நிறுத்துமிடத்தில் இருந்தபடியே அழுதேன். உன் அண்ணன் வெளியே வந்து, "இந்த வயசுல அவன வண்டியில ஏத்திக் குலுக்கி அனுப்பிட்டீங்களே" என்றார். "நாப்பது வயசுக்கு மேலதான் உங்க தம்பி முதல் தடவையா தானா ஒரு எடத்துக்குப் போனான், அது தெரியுமா உங்களுக்கு?" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். இன்றைக்கும் அந்த வார்த்தையை நான் திருப்பி எடுக்கவில்லை. இருதயம் என்று டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும்.

உன் அண்ணன் அந்த ஏடிவி தோட்டத்துக்கும் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். இன்று நான் போனபோது முதலாளி குரல் மறுபடி மெத்தென்று ஆகியிருந்தது. இனி ஓகேயூ ஆட்கள் ஓட்டக்கூடாதாம்; பணியாளர் ஓட்டுவார், பின்னால் உட்காரலாம், மெதுவாக ஒரு சுற்று.

"உங்க கூட்டாளிக்குப் பின்னாலயும் உட்கார்ந்தீங்கதானே ஆன்டி?"

"அங்க நான் கண்ணு. இங்க மூட்டை."

நம்மைப் போல இன்னும் சிலர் வந்திருந்தார்கள், பணியாளர்களின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிழலில் ஊர்ந்து போனார்கள், கை தட்டினார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. முதலாளி எனக்கும் ஒரு தலைக்கவசத்தை நீட்டினார். வாங்கவில்லை. வண்டி ஏறாமலே கிள்ளானுக்குக் கார் பிடித்து, ரயிலேறி வீடு வந்தேன்.

உன்மேல் கோபம் என்றேன் அல்லவா, அது இதுதான். உன்னைப் பார்ப்பதற்கு முன் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியும். காலையில் மெஷின் முன் உட்கார்ந்தால் இருட்டும்வரை அசையமாட்டேன். அதைப் பொறுமை என்று ஊரே மெச்சியது, நானும் நம்பினேன். இப்போது ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் உடம்பு எங்கேயோ கிளம்புகிறது. இந்த வயதில் இதை எனக்குள் வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இறக்கிவைக்க இடம் தெரியவில்லை, இறக்கிவைக்கும் உத்தேசமும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். சாவியைக் கேட்பேன்.