பின்கதவைத் தட்டு

மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல மோராக் எழுதுகிறாள். அந்த ராஜா நாடகத்தில் உன்னோடு சூனியக்காரியாக நடித்தவள்தான். அவள் விளையாட்டாக, "அடுத்த ராஜா நீதான்டா தம்பி" என்று சொன்னதை நீ நிஜமான குறியாக எடுத்துக்கொண்டாய்.

சொன்னால் கேடு வரும் என்று அரங்கத்துக்குள் யாரும் வாயால் சொல்லாத அந்த நாடகத்தின் பெயரை, ராஜா வேஷம் கட்டும் ஃபின்லேயின் முகத்துக்கு நேரே வேண்டுமென்றே சொன்னாய். அன்று மாலையே அவன் மேடைப் படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டான். அந்தக் கேடு நீங்க, பெயரைச் சொன்னவன் வெளியே போய், மூன்று சுற்றுச் சுற்றித் துப்பிவிட்டு, கதவைத் தட்டி உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். நீ வெளியே போனாய். தட்டவில்லை. லண்டனுக்குப் போய் அங்கே ராஜா வேஷம் கட்டினாய்.

அந்தப் பின்கதவுக்கு உள்பக்கம் காவலுக்கு நான்தான் நின்றிருந்தேன். இன்றும் அதே வேலைதான். நிற்க முடியவில்லை, நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று ஃபின்லே நொண்டிக்கொண்டே வந்தான்.

"இன்னும் அவன நெனச்சுக்கிட்டுதான் ஒக்காந்திருக்கியா பெருசு? அந்தப் பேரு என்னத் தள்ளலப்பா. தள்ளுனது விஸ்கி. அவங்கிட்ட சொல்லிடு" என்றான்.

சனிக்கிழமை உன் நாடகக் கம்பெனி கிளாஸ்கோவுக்கு, நம் அரங்கத்துக்கு ஆட வருகிறது. உன்னை முன்வாசல் வழியாக அழைத்துப்போக அரங்க முதலாளி மாலையோடு காத்திருப்பார். நீ பின்கதவுக்கு வா. சுற்றவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம், தட்டினால் போதும். எழுந்து வர எனக்கு நேரமாகும். திறக்கும்வரை போய்விடாதே.

உன் அப்பா