துப்பாக்கி உங்களிடம், தோட்டா என்னிடம்

மதினி,

எழுதுவதற்கே நீங்கள் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. உங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்த கார்டுகளையெல்லாம் நான்தான் வாசித்துச் சொன்னேன், பதிலையும் நான்தான் எழுதினேன். "அவசரமில்ல தாயி, மெதுவா எழுது" என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவீர்கள். இந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்களோ, தெரியவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்க எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த நம் துப்பாக்கியை, தேர்தல் முடிந்து அண்ணன் நேற்று வாங்கிவந்தார். சாக்கைப் பிரித்ததும் தையல் மிஷின் எண்ணெய் வாசம் வீடெல்லாம் பரவியது. ஸ்டேஷனில் ஒப்படைக்கிற அன்று உங்கள் பழைய சுங்குடிச் சேலைத் துண்டால் துடைத்துச் சுற்றித்தான் கொடுத்திருந்தேன். அந்தத் துண்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

"இத இனி எங்கதான் வைக்கிறது?" என்று அண்ணன் கேட்டார். அவர் அதை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. உங்கள் பாப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் நீங்கள் போனதிலிருந்து அவளுக்குப் பேச்சும் குறைந்துவிட்டது, சாப்பாடும் குறைந்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

இந்தத் துப்பாக்கி முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. நான் பி.ஏ. முடித்து மதுரை விடுதியைக் காலி செய்து, ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கியிருந்தேன். பக்கத்துத் தோட்டங்கள் இரண்டில் திருடர்கள் புகுந்த வருஷம் அது. திருச்சுழி ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கினால் இரண்டு மைல் நடை, சுற்றிலும் கரிசல், நடுவில் நம் வீடு. அண்ணன் காலையில் அருப்புக்கோட்டைப் பருத்திக் கடைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். தாசில்தார் ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்து லைசென்ஸ் எடுத்தார். தோட்டாவைப் போட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு முளை அடித்து மாட்டிவிடலாம், சட்டென்று எடுக்க வசதி என்றார்.

நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறுகிற வயசு என்றீர்கள். பெட்டியில் பூட்டினால் ஆபத்துக்கு உதவாதே என்று அண்ணன் கேட்டார். மூன்றாம் நாள் ஆசாரியை வரவழைத்து, ஒடுக்கமாக ஆளுயரத்தில் ஒரு மரப்பெட்டி செய்து அடுப்படிச் சுவரோடு சேர்த்து முடுக்கச் சொன்னீர்கள். அதன் சாவி உங்கள் இடுப்பில். தோட்டாக்களைப் பால்பவுடர் டின்னில் போட்டு என் தகரப் பெட்டிக்குள் வைத்தீர்கள். தகரப் பெட்டிச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டினீர்கள்.

"துப்பாக்கி எம் பொறுப்பு, தோட்டா ஒம் பொறுப்பு. ரெண்டு பேரும் மனசு ஒத்தாத்தான் அது வெடிக்கணும்" என்றீர்கள்.

பிறகு பழகிப் பார்த்தோம். நீங்கள் அம்மியிலிருந்து எழுந்து பெட்டியைத் திறப்பதற்குள் நான் டின்னோடு வந்து நிற்க வேண்டும். தோட்டா போடாமல் ஒத்திகை மட்டும்தான். எண்ணுகிற வேலை பாப்பாவுக்கு. அவள் ஒண்ணு, ரெண்டு, அஞ்சு என்று தாவுவாள். "இவ எண்ணுனா திருடன் சாப்பிட்டே போயிருவான்" என்று நீங்கள் சிரித்தது காதிலேயே இருக்கிறது. பதினைந்து வருஷம் படித்ததில் யாரும் என்னை நம்பி ஒன்றையும் ஒப்படைத்ததில்லை. அந்தச் சாவியை நான் குளிக்கும்போதும் கழற்றவில்லை.

அடுத்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்ததுதான் மிச்சம், ஒரு கார்டும் வரவில்லை. காரியாபட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "பி.ஏ. படிச்ச பிள்ள எங்க வீட்டுல சாணி அள்ளுமா?" என்று என் காதுபடவே கேட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் அதையும் கேட்கவில்லை, பதிலே சொல்லவில்லை. ஊரில் படித்த பெண் நான் ஒருத்திதான். அதனால் பேசுவதற்கும் ஆள் இல்லை. சோறு இறங்கவில்லை. மத்தியானத்தில் எல்லாரும் பருத்திக் காட்டுக்குப் போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்து அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை உங்களிடம் சொன்னதில்லை. மூன்று தடவை, அதற்கு மேலும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை எனக்குத் தலைபின்னிவிட்டுக்கொண்டே, "அந்தச் சாவியக் குடு தாயி. தாளுத் தோட்டா நமத்துப் போயிருக்கும், வெயில்ல வச்சு எடுக்கணும்" என்றீர்கள். கழற்றிக் கொடுத்தேன். வெயிலில் எதுவும் காயவில்லை. சாவி திரும்பி வரவும் இல்லை. நான் கேட்கவில்லை. ஒரு சாவிக்குக்கூட நம்பகமில்லாதவளாகிவிட்டேன் என்று மனதுக்குள் உங்களோடு டூ விட்டிருந்தேன். நீங்கள் வழக்கம்போலவே தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தீர்கள், கொஞ்சம் கூடுதலாக.

மாசி மாதம் ஒரு உச்சிப்பொழுது. ஆட்களெல்லாம் ஓடைக்கு அந்தப்பக்கம் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாய் விடாமல் குரைத்தது. எட்டிப் பார்த்தால் கிணற்று ஷெட்டில் மூன்று பேர், எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மிளகாய் அரைத்த கையோடு எழுந்து பெட்டியைத் திறந்தீர்கள். நான் பழக்கத்தில் என் தகரப் பெட்டிக்கு ஓடினேன். "அங்க ஒண்ணுமில்ல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள இரு" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கிவிட்டீர்கள்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். துப்பாக்கியை மடித்துத் திறந்து, அவர்கள் காது கேட்கும்படி டக்கென்று மூடினீர்கள். எஞ்சினை வைத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள். அவர்களில் ஒருவன் சிரித்தான்.

"ஆத்தாளுக்குச் சுடத் தெரியுமா?"

"தெரியாதுய்யா. அதான் யாரு மேல படும்னு எனக்கே தெரியல."

சிரிப்பு நின்றுவிட்டது. எஞ்சின் பெல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் இறங்கிப் போனார்கள். நீங்கள் திரும்பி வந்தீர்கள். துப்பாக்கிக் கட்டையெல்லாம் மிளகாய்.

தோட்டா எங்கே என்று கேட்டேன். இரண்டு மாதமாக அண்ணனுடைய கடைப் பெட்டியில் இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் அங்கே நின்றது வெறும் துப்பாக்கியோடா என்று எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர்கள் எதிர்த்து வந்திருந்தால் என்ன ஆவது?

"வந்திருந்தா எஞ்சின் போயிருக்கும். எஞ்சின வாங்கிக்கிரலாம்."

என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு கை கழுவப் போய்விட்டீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திருடன் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு மாதமாக வெறும் துப்பாக்கியை வைத்து வீட்டைக் காத்திருக்கிறீர்கள், நான் இருப்பதற்காக. அடுப்படி மூலையில் உட்கார்ந்து அழுதேன். குழம்பு கொதித்ததும் தட்டு வைத்தீர்கள். சாப்பிட்டேன்.

திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்வரத் தொடங்கி ஒரு வருஷம் கழித்து, தகரப் பெட்டியில் துணி எடுக்கும்போது அந்த டின் பழைய இடத்தில் இருந்தது. மூடி மேல் சாவி. எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இப்போது இரண்டு சாவியும் என்னிடம் வந்துவிட்டன. அண்ணன் கேட்டதற்கு, துப்பாக்கி பழைய பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். இன்று காலை தோட்டா டின்னை அவர் கையில் கொடுத்து, நமத்துப் போயிருக்கிறது, கடையிலேயே இருக்கட்டும் என்றேன். பொய் சொல்ல எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் காய்ந்துதான் இருந்தது.

"ஒங்க மதினியும் ஒரு தடவ இப்படித்தான் சொன்னா" என்றார். டின்னைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வீண் பயமாக இருக்கலாம். தாயை இழந்த பிள்ளை நாலு மாதம் பேசாமல் இருப்பது எங்கும் உள்ளதுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். ஆனால் நேற்று அவள் கதவோரம் நின்றபோது பார்த்தது துப்பாக்கியையா, உங்கள் சேலைத் துண்டையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன், தலைபின்னிவிடுகிறேன். பூட்டுவதைத்தான் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டேன். பார்க்கத் தெரியவில்லை.

இதுதான் மதினி, நான் கேட்க வந்தது. அன்று காலை என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு வார்த்தை பேசாமலிருக்க, என்னிடம் எதைப் பார்த்துவிட்டு அந்தச் சாவியைக் கேட்டீர்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.