முதல் வருடத்துக்கென்று வைத்த ரோல்

அன்புள்ளவளே,

அங்கே நாரினில் பனி விழத் தொடங்கியிருக்கும். உன் அம்மா வீட்டில் அடுப்பு சரியாக எரிகிறதா?

இங்கே பிஷ்கெக்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது. நாம் வழக்கமாக வாங்கும் கேமரா பிலிமை இனித் தயாரிக்கமாட்டார்களாம். மிச்சம் இருந்தவை இரண்டு ரோல்கள். எதை எடுக்கலாம் என்று என் நண்பன் தெமிர்குலிடம் கேட்டேன். "கடைசி பிலிம்டா, மலையை எடு. அதுவாவது ஆடாம நிக்கும்" என்று சிரித்தான். போய் மலையை எடுத்தேன். நன்றாகத்தான் வந்திருக்கும்.

மற்றது, மாதம் மூன்று படம் என்று கணக்குப் போட்டு, குழந்தையின் முதல் வருடத்துக்காக நீ எடுத்துவைத்த ரோல். அதற்கு எதுவும் தோன்றவில்லை.

நேற்று எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் தட்டினாள். அவள் குழந்தையைத் தொட்டிலில் இடும் விருந்து. "அண்ணே, நீங்க போட்டோ எடுக்கிறவராமே? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

போனேன். ஒன்று எடுத்தேன். பிறகு அந்த ரோல் தீரும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை.

என் தட்டில் பொரித்த ரொட்டியை வைத்தபடி, "உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு."

"பேரு?"

நாம் வைத்திருந்த பெயரைச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் சரி, அடக்கத்தன்றும் சரி, நாம் இருவருமே அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நல்ல பேரு" என்றவள், எனக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

இதை உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இப்படிக்கு,
நம் பெண்ணின் அப்பா