இடது பக்கத்துக் காலடி

ஜூன் 8, ஞாயிறு

நேற்று சின்னாளப்பட்டியில் கல்யாண வேலை. ஸ்பீக்கர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததும் அப்படியே விழுந்து தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் சிவபிரகாஷிடமிருந்து ஒரு வீடியோ. வெள்ளிக்கிழமை எங்கள் அணி தோற்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டம். அதில் நான் செத்து விழுகிற இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறான். அத்தனையிலும் என்னைச் சுட்டவன் இடது பக்கமிருந்துதான் வந்திருக்கிறான்.

எரியோட்டில் இருக்கிற அவனுக்கு ஃபோன் போட்டேன். "வீடியோவுல எனக்கே காலடிச் சத்தம் கேக்குது கீர்த்தனா. உனக்கு எப்படிக் கேக்காமப் போச்சு? தூங்குறியா?" என்றான்.

யாரைப் பார்த்து என்ன கேட்கிறான்! மூக்கையா சவுண்ட் சர்வீஸ் மூக்கையாவின் மகள் நான். பத்தாம் வகுப்பிலிருந்து அப்பாவோடு சவுண்ட் மிக்சர் மேசையில் உட்காருகிறவள். ஒரு மண்டபத்துக்குள் நுழைந்து கையைத் தட்டிப் பார்த்தாலே எந்த மைக் ஊளையிடப் போகிறது என்று சொல்லிவிடுவேன். என் காதைச் சந்தேகப்படுகிறான்.

ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடும் ஆட்டம் இது. எதிராளி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே காதில் பட்டுவிட வேண்டும். அதிலும் என் வேலை தனியாக ஒரு மூலையைக் காப்பது. கேப்டன் அவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஜூலை 13 மதுரைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பெயர் கொடுக்க வேண்டுமாம். "அதுக்குள்ள சரியாகலேன்னா உன் இடத்துல அஸ்பாக்கைப் போடுவேன். கோச்சுக்காத." அஸ்பாக் எங்கள் அணி ஷாஹினாவின் பெரியம்மா மகன். நன்றாகத்தான் ஆடுவான். அதுதான் எரிச்சலே.

கோளாறு ஹெட்செட்டில். காலேஜ் காலத்தில் வாங்கியது, பஞ்செல்லாம் உரிந்துபோய் இருக்கிறது. மாற்றினால் முடிந்தது விஷயம்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்கு ஷாஹினாவை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கலர் கலராக லைட் எரிகிற ஒன்றை எடுத்து வைத்தார். "கேமிங் ஹெட்செட்டுங்க. போட்டுப் பாருங்க, குண்டு வெடிச்சா நெஞ்சு அதிரும்."

எனக்கு எதற்கு நெஞ்சு அதிர வேண்டும்? இதைத்தான் எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள். பாஸ் என்கிற அடிச்சத்தம் ஏறினால் மற்றதெல்லாம் அதற்கு அடியில் போய்விடும். செண்டை மேளம் அடிக்கும்போது பந்தியில் சாம்பார் கேட்பவர் குரல் யாருக்காவது கேட்கிறதா? காலடி என்பது அந்த சாம்பார் குரல்தான். எனக்கு வேண்டியது அடக்கமான பாஸ், தெளிவான நடுச்சத்தம், இடது வலது பிரிவு சுத்தமாக இருக்கிற ஹெட்போன். மைக் தனியாகச் சட்டையில் மாட்டிக்கொள்வேன். மைக் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கடைக்காரரிடமும் சொன்னேன். "அப்ப நீங்க ஆன்லைன்லதான் பாக்கணும்" என்று பெட்டியை மூடிவிட்டார். ஷாஹினா வெளியே வந்து சிரித்தாள். "ஒரு ஹெட்போன் கேட்டா கிளாஸ் எடுக்குறியேடி."

ஜூன் 14, சனி

வந்துவிட்டது. காதை மூடுகிற இடத்தில் சல்லடை போல ஓட்டை வைத்த, திறந்த வகை ஹெட்போன். சத்தம் தலைக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கும். எது பக்கம், எது தூரம் என்று பிரித்துச் சொல்லும். வெளிச் சத்தம் உள்ளே வரும் என்பது ஒன்றுதான் குறை. அம்மா மிக்சி போட்டால் ஆட்டம் காலி. ஆடும் நேரத்தில் சட்னி அரைப்பதில்லை என்று பேசி முடித்திருக்கிறேன்.

அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தாயி, சத்தமெல்லாம் வெளிய ஒழுகுது. இம்புட்டு ஓட்டையா இருக்கே, ஏமாத்திப்புட்டானா?"

"அது அப்படித்தான்ப்பா."

"ஹார்னுக்கு மூடியில்லாத மாதிரியா? சரி சரி." காதில் வைத்து ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு, பாஸ் பத்தாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆடினோம். வலது பக்கம் ஒருவன் ஏணியில் கால் வைத்ததுகூடக் கேட்டது. இடது பக்கமிருந்து வந்தவன் சுட்டுவிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் இடது பக்கம்தான். எரிச்சலாக வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! மவுசை நகர்த்தும்போதெல்லாம் ஹெட்போனில் மெல்லிசாக ஒரு 'கிர்ர்'. கம்ப்யூட்டர் போர்டில் இருக்கிற ஒலி வழியில், பக்கத்து மின்சாரமெல்லாம் கலந்து வருகிறது. மண்டபத்தில் சீரியல் லைட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே லைன் கொடுத்தால் பெட்டி உறுமுமே, அதே கதை. அந்த இரைச்சலில்தான் காலடி முங்கிப் போகிறது.

தனி சவுண்ட் கார்டு போட வேண்டும். உள்ளே செருகுவதா, வெளியே யுஎஸ்பியில் வைப்பதா? வெளியேதான். உள்ளே வைத்தால் அதே மின்சாரக் கூட்டத்துக்கு நடுவில்தானே உட்காரும்.

ஷாஹினாவிடம் சொன்னேன். "இரைச்சல் ரெண்டு பக்கமும்தான கேக்கும்? நீ இடப்பக்கம் மட்டும்தான சாகுற?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

சவுண்ட் கார்டு வந்தது. உள்ளங்கை அளவு டப்பா, சத்தத்துக்கு ஒரு குமிழ், சத்தம் சுற்றிலும் இருந்து வருகிற மாதிரி காட்டும் சரவுண்டுக்கு ஒரு பட்டன். இரைச்சல் துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. ஆகா!

ஆனால் சரவுண்டைப் போட்டதும் காலடி எல்லாம் காலி மண்டபத்தில் நடப்பது மாதிரி எதிரொலித்தது. எவன் எங்கே வருகிறான் என்றே தெரியவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினால், ஆட்டத்தின் உள்ளேயே ஒரு சரவுண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பிரித்துக் கொடுத்த சத்தத்தை எடுத்து கார்டு இன்னொரு தடவை பிரித்திருக்கிறது. ஒரே குழம்புக்கு அம்மாவும் நானும் உப்புப் போட்ட மாதிரி. கார்டில் இருப்பதை அணைத்தேன். உடனே எல்லாம் தெளிந்தது.

இடது பக்கமும் பரவாயில்லை. கொஞ்சம் பரவாயில்லை.

பரவாயில்லையா?

ஜூன் 24, செவ்வாய்

சிவா இன்று என் மூலையில் அஸ்பாக்கை நிறுத்தினான். "சும்மா பாக்குறதுக்குத்தான்" என்றான். நான் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் வந்த ஒவ்வொருவனையும் அஸ்பாக் வாசலிலேயே வைத்துச் சுட்டான்.

எந்த ஹெட்போன் என்று கேட்டேன். ஃபோனோடு கொடுத்த இயர்ஃபோனாம்! அதில் ஒரு பக்க ரப்பர்கூட இல்லையாம்!

எனக்கு வந்த கோவத்துக்கு... அந்தப் பய மேல என்ன தப்பு? ஒண்ணுமில்ல. அவன் நல்லா ஆடுறான். நாந்தான் ஹெட்போனு, கார்டுன்னு ஊரெல்லாம் பேசிப்புட்டுத் திரியுறேன். சிவா ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

ஜூன் 28, சனி

வேடசந்தூர் பக்கம் நிச்சயதார்த்தம். ஆரம்பிக்கும் முன் பாட்டுப் போட்டால் ஒரு பெட்டி மந்தமாக இருந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போய் ரெண்டு பெட்டியின் வயரையும் மாற்றிப் போட்டது. மந்தம் அடுத்த பெட்டிக்குப் போனால் கோளாறு ஆம்பில். அதே பெட்டியிலேயே நின்றால் பெட்டியில். மைக் செட் வேலையில் முதல் நாள் படிக்கிற பாடம். அதே பெட்டியில் நின்றது. பெட்டியை மாற்றினோம்.

அப்புறம் விழா முழுக்க எனக்கு அதே யோசனை. இரண்டு வாரமாக எதையெல்லாமோ மாற்றியிருக்கிறேன். இதை மட்டும் செய்து பார்க்கவில்லையே. ஏன்?

ஜூன் 29, ஞாயிறு

காலையிலேயே உட்கார்ந்தேன். ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன். இடதுக்கு உரியது வலது காதில், வலதுக்கு உரியது இடது காதில். ஷாஹினாவை ஆட்டத்துக்குள் வரச்சொல்லி என்னைச் சுற்றி நடக்கவிட்டேன்.

இடது பக்கம் நடந்தாள். கண்ணாடி மாதிரி கேட்டது, வலது காதில். வலது பக்கம் நடந்தாள். ஏதோ துணி உரசுவது போல. அவ்வளவுதான்.

மறுபடி நேராகப் போட்டேன். மறுபடி திருப்பினேன். "எத்தனை தடவைடி நடக்குறது, என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள். ஆட்டத்தை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஹெட்போன் சரி. கார்டு சரி. வயர் சரி.

அப்ப என் காதுதான்.

என் காதா? அம்புட்டுப் பீத்திக்கிட்டேனே இந்தக் காதை வெச்சு. அழுகை வந்தது, அழுதேன். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

காது டாக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வரைபடத்தில் வலது காதுக்குக் கோடு நேராக ஓடுகிறது. இடது காதுக்குக் கீச்சுச் சத்தம் வருகிற இடத்தில் பள்ளம்.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர். சொன்னேன். "பெட்டி எந்தப் பக்கம் இருக்கும்?"

இடது பக்கம். எப்போதும் இடது பக்கம்தான். மேடையோரம் பெட்டி, அதை ஒட்டி வலது கைப்பக்கம் எங்கள் மேசை. கேபிள் நீளம் அவ்வளவுதான். அப்பா தொழில் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

போனது வராதாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாமாம்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அப்பாவுக்கு ஃபோன் அடித்தது. இடது கையில் எடுத்தார். வலது கையில் பை இருந்தது. பையை இடது கைக்கு மாற்றிவிட்டு ஃபோனை வலது காதுக்குக் கொண்டுபோனாரே ஒழிய, இடது காதில் வைக்கவில்லை. இத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

நேற்றும் இன்றும் கார்டோடு மல்லுக்கட்டினேன். அதன் மென்பொருளில் இடது பக்கத்தை மட்டும், பள்ளம் விழுந்த இடத்தில் தூக்கிவிட்டேன். இது என் தொழில், இதில் எவனும் என்னை அசைக்க முடியாது. நன்றாகவே கேட்டது. இதை இப்படியே வைத்து யாரிடமும் சொல்லாமல் ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மதுரைப் போட்டியின் விதிகளைப் படித்தேன். ஹெட்போன் சொந்தமாகக் கொண்டுவரலாம். கம்ப்யூட்டர் அவர்களுடையது. வெளி சவுண்ட் கார்டு, மென்பொருள் எதுவும் கூடாது.

சிவாவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பள்ளம், பெட்டி, டாக்டர், எல்லாம்.

"அப்ப அஸ்பாக்கை..." என்று ஆரம்பித்தான்.

"இரு, நான் பேசி முடிச்சுக்கிறேன்" என்றேன். "அந்த மூலையை அஸ்பாக்குக்குக் குடுன்னா தரேன். ஆனா என்னை வெளிய அனுப்பாத. எதிர்ப்பக்கம் கிடங்கு இருக்குல்ல, அதுல நிறுத்து. அங்க என் இடப்பக்கம் சுவரு. வாரவன் நேரா வரணும், இல்ல வலப்பக்கமா வரணும். அந்தப் பக்கம் என் காதுக்குத் தப்பி எவன் வாரான்னு பாத்துருவோம்."

"கிடங்கு இப்ப ஷாஹினா இடம்."

ஷாஹினாவும் லைனில்தான் இருந்தாள். "நான் மூலைக்குப் போறேன்" என்றாள் உடனே. "எனக்கு ரெண்டு காதும் கேக்குது."

"நாளைக்கு ஆடிப் பாப்போம். சரிப்படலேன்னா அஸ்பாக்தான்" என்றான் சிவா. சரி என்றேன். அது நியாயம்.

ஜூலை 5, சனி

கிடங்குப் பக்கம் ஒருவனையும் விடவில்லை. ஒருவனையும்! சிவாவின் மெசேஜ்: "பேர் கொடுத்தாச்சு. உன்னோடதுதான்."

ஜூலை 13, ஞாயிறு

மதுரை. இரண்டாம் இடம். கடைசி ஆட்டத்தில் தோற்றது என் பக்கத்தால் இல்லை, ஷாஹினாவாலும் இல்லை. ஜெயித்தவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். சவுண்ட் கார்டு வீட்டு மேசையில் கிடந்தது. ஹெட்போனுக்கு முழு மதிப்பெண். பக்கத்து அணிப் பையன் ஒருவன், "அக்கா, இது என்ன மாடல்?" என்று கேட்டான். சொன்னேன். "ஆனா முதல்ல அதைத் திருப்பிப் போட்டு ஒருதடவை கேளு" என்றும் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். தன் காது மந்தம் என்று அவருக்கு முன்பே தெரியுமாம். வயசாகுது, அதனால் என்று விட்டுவிட்டாராம். என் காதைப் பற்றிச் சொன்னதும்தான் முகம் மாறியது.

"அந்தப் பக்கம் உன்னைய உக்கார வெச்சது நாந்தான தாயி."

"தெரிஞ்சா வெச்சீங்க?" என்றேன். அவர் கேட்கவில்லை. நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன். சுற்றிப் போய் மறுபடி சொன்னேன். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயில் வேலை. நீளமான கேபிள் வாங்கி, மேசையைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கூட்டத்துக்குப் பின்னால் போட்டுவிட்டேன். "அம்புட்டு தூரத்துல உக்காந்தா மேடையில என்ன நடக்குதுன்னு தெரியுமா?" என்று அப்பா முனகினார். காதுக்குள் வைக்கிற பஞ்சு அடைப்பான் கொடுத்தேன். இதென்ன கூத்து என்றார். வைத்துக்கொண்டார்.

பூஜை நேரத்தில் பாட்டை நிறுத்தினோம். பொங்கல் வந்தது. தொன்னையோடு வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார். அவர் பேசுவது கேட்கவில்லை, எழுந்து அவருடைய அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். இப்போது அவருக்குக் கேட்கவில்லை, அவர் எழுந்து என் அந்தப் பக்கம் வந்தார். நான் மறுபடி எழுந்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எங்களையே பார்த்தார்கள். ரெண்டு பேருக்கும் இடது காதுதான் மந்தம் என்பதால் எப்படி உட்கார்ந்தாலும் ஒருவருக்குக் கேட்காது. அது உறைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவருக்கும்தான்.

கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"இப்பக் கேக்குதா தாயி?"

"கேக்குதுப்பா. சொல்லுங்க."