கிரகணத்தன்று திறக்காத முட்டைகள்

பக்கத்து வீட்டம்மா காலையிலேயே வந்து என் தண்ணீர்க் குடத்தின்மேல் ஒரு பிடி தர்ப்பையைப் போட்டுவிட்டுப் போனார். இன்றைக்குச் சூரிய கிரகணம். மலையில் நடை சாத்திவிட்டார்கள், கீழே திருப்பதித் தெருக்களும் வெறிச்சென்று கிடக்கின்றன. காய்ந்த புல்லின் வாசனை வந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நேற்று நம் மகள் அமெரிக்காவிலிருந்து பேசினாள். முழுகாமல் இருக்கிறாளாம். சந்தோஷமாகத்தான் கேட்டேன், ஆனால் போனை வைத்த பிறகு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் மூத்தவன். தலை மட்டும் பெருத்துக்கொண்டே போன பிள்ளை. இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருப்பான். நான் பிரித்துவிடுவேன், மறுபடி மடக்கிக்கொள்வான். முதல் பிறந்தநாளைக்கூட அவன் பார்க்கவில்லை. உங்கள் ஊரான கார்வேட்டிநகரத்தில் உங்கள் அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: "கெரகணத்துல மாங்கா அறுத்துத் துன்னுகினு இருந்தா. புள்ள வேற எப்பிடிப் பொறக்கும்?" அவன் வயிற்றில் இருந்தபோது மாங்காய் நறுக்கியது உண்மைதான். வாய்க்கு அப்படிக் கேட்டது.

நீங்கள் அம்மாவிடம் சண்டை போடவில்லை. எனக்கு அதில் ஆத்திரம். அதற்குப் பதில் யுனிவர்சிட்டியில் மீன்களை வைத்துச் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கோழி முட்டைக்குள் வளரும் கருவின் நரம்புகளைப் பார்க்கத் தொடங்கினீர்கள். ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டுவது, மருந்து விடுவது, செல்லோடேப் ஒட்டி மூடி மறுபடி வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பது. வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம். மெட்ராசில் வந்து இறங்கும் மருந்தை ஐஸ் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவீர்கள். உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள். நீங்கள் கரண்ட் போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு இங்கேயே இருந்தீர்கள்.

ஒரு நாள் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னீர்கள். மருந்து விடாத முட்டையில் நரம்பிழைகள் சேர்ந்து போயின, மருந்து விட்டதில் பிரிந்து கிடந்தன. "ஒண்ணு பின்னின ஜடை, இன்னொண்ணு அவுத்துவிட்ட தலை" என்றேன். சிரித்தீர்கள். இழைகளின் மேல் ஒரு மூலக்கூறு இருக்கிறது, அதை வைத்துத்தான் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்கின்றன, அதை அந்த மருந்து மறைத்துவிட்டது என்றீர்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்ததாம். மனிதர்களில் அந்த மூலக்கூறு பழுதானால் ஆண் குழந்தைக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளுமாம். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்குமாம்.

"மாங்காவால இல்லம்மே" என்றீர்கள். நான் அழுதுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நீங்கள்? "அந்தப் பழுது பெத்த அம்மா வழியாத்தான் வருது. உன்கிட்டேர்ந்துதான் வந்திருக்கணும். ஆனா நீ செஞ்சது இல்ல."

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. உங்கள் அம்மாவே தேவலை என்று தோன்றியது. மாங்காயையாவது இனி தொடாமல் இருக்கலாம், உடம்பை என்ன செய்வது? ரொம்ப நாள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுபடி நான் உண்டாகியிருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் அம்மா அரிவாள்மனையைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். மருந்து விட்ட முட்டைகளைத் திறந்து, உள்ளே இருக்கும் கருவை நீங்கள் அறுத்துப் பார்க்க வேண்டிய நாளும் அதுதான். தவறினால் அத்தனை உழைப்பும் வீண். நீங்கள் போகவில்லை. ஜன்னல் சாத்திய அறையில், பேப்பரால் எனக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"நீங்களுமா இதையெல்லாம் நம்பறீங்க?"

"நம்பல. ஆனா உனக்கு பயமா கீது இல்ல? நீ இங்க எதையும் அறுக்காம உக்காந்துகினு இருக்கச்சே, நான் மட்டும் அங்க போயி அறுத்துகினு இருக்கணுமா?"

பெண் பிறந்தாள். அவளுக்கும் அது வெளியே தெரியாமல் வந்திருக்கலாம், பாதிக்குப் பாதி, கல்யாண வயதில் நாமே சொல்லிவிடலாம் என்றீர்கள். நாமே என்றீர்கள். அந்த வயது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். தனியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சற்று முன் நானே அவளைப் போனில் கூப்பிட்டேன். அண்ணனைப் பற்றி, அந்தக் கட்டைவிரல்களைப் பற்றி, எல்லாம் சொன்னேன். டாக்டரிடம் சொல்லிச் சோதனை எடுத்துப் பார் என்றேன்.

"அப்ப எனக்கும் உன்கிட்டேர்ந்து வந்திருக்குமாம்மா?"

"வந்திருக்கலாம் கண்ணு. ஆனா நான் செஞ்சது இல்ல. உனக்கு இருந்தாலும் அது நீ செஞ்சது இல்ல."

இந்தத் தடவை இரண்டாம் பாதி என் காதிலும் விழுந்தது.

"நைனா இருந்திருக்கலாம்" என்று உங்களை நினைத்துச் சொன்னாள். அங்கே கிரகணம் தெரியாதாம். இருந்தாலும் கத்தியைத் தொடப் பயமாக இருக்கிறது, சிரிக்காதே என்றாள். நான் சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்கு வாங்கிவைத்த வெண்டைக்காய் கூடையில் அப்படியே கிடக்கிறது. எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பிள்ளை அங்கே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நான் மட்டும் இங்கே நறுக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?