ரப்பர் கத்தி

நவம்பர் 4, செவ்வாய்

விடிய முதலே தூறல். ஸ்டுட்கார்ட் முழுக்க ஈரத் துணி வாசம், அல்லது என் அறைதான் அப்படியோ. தோய்த்த உடுப்பு ஒன்றும் காயவில்லை.

கம்பனிப் பயிற்சி, முதல் நாள். காசு ஏற்றும் வண்டிக்குக் காவல் போவதென்றால் இது கட்டாயம். பெண் நான் ஒருத்திதான். பயிற்சியாளர் குன்ட்டர். நரைத்த மீசை, சாந்தமான ஆள். "எட்டு வருடமாகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் இருக்கிறீர்களா? நல்லது. எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்."

எங்கே மறக்க? ஒரு கை தானாக நீளுகிறது. பக்கவாட்டில் நிற்கிறேன், மூச்சை விடுகிறேன், காத்திருக்கிறேன். "பதக்கத்துக்கா காத்திருக்கிறீர்கள்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கழகத்தில் வட்டம் போட்ட அட்டை. ஆள் உருவத்தைச் சுடவே கூடாது. இங்கே ஆள் உருவம் மட்டும்தான், முகம் இல்லாமல். எனக்கு முகம் தெரிகிறது.

வேலை மாறியதற்குக் கம்பனியில் சொன்ன காரணம்: கூடின சம்பளம். உண்மைக் காரணம்: அவன். விவாகரத்து எடுத்து இரண்டு வருடம், இன்னும் பெயரை எழுத வரவில்லை. கிட்ட வரக் கூடாதென்று கோர்ட் போட்ட தடையும் முடிந்துவிட்டது. விளையாட்டுக்குச் சுடுகிறவர்களுக்கு இந்த நாட்டில் தற்காப்புப் பயிற்சி தரமாட்டார்கள். காவல்காரருக்குத்தான். அதனால் காவல்காரி ஆனேன்.

நவம்பர் 6, வியாழன்

வாங்க: அரிசி, பால், சுடுதண்ணிப் பை. தோள்மூட்டு வலி.

டுசல்டோர்ஃபில் இருந்து சின்னம்மா போன் எடுத்தா. மகளுக்குத் தை மாதம் கலியாணம்.

"பிள்ளை, கலியாணக் காட்டைத் தபாலில போட்டால் சனம் என்ன சொல்லும்? நேரில வந்து குடுக்கிறதுதானே முறை. விலாசத்தைத் தா."

"ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை எண்டு சொன்னனான் எல்லே, சின்னம்மா."

"நான் ஒருத்தரோ? உன்ர அம்மா இருந்திருந்தால் என்னை வாசலில நிப்பாட்டுவாளோ?"

அம்மாவை இழுத்தால் நான் இளகிவிடுவேன். கொடுத்துவிட்டேன். அவனுக்கும் கலியாணத்துக்குச் சொல்கிறீர்களோ என்று கேட்டேன்.

"சொல்லாமல் விட ஏலுமே? அவையளும் சொந்தம்தானே. ஒரு மூலையில இருந்து சாப்பிட்டுட்டுப் போவான்."

விலாசத்தை மட்டும் வெளியே விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஓம் ஓம், நான் ஆருக்குச் சொல்லப் போறன்."

நகரசபைப் பதிவில் என் விலாசத்தைப் பூட்டி வைக்க எத்தனை ரெர்மின் எடுத்து அதிகாரிகளைப் பார்த்தேன், எத்தனை கடிதம் எழுதினேன். சின்னம்மாவுக்கு ஒரு பெருமூச்சு போதுமாக இருந்தது.

நவம்பர் 8, சனி

குளிர். பஸ் பிந்தியது.

இன்று கத்தி. ரப்பர்க் கத்தி. அறையின் மறு சுவரில் இருந்து ஒருவன் ஓடி வருவான். இடுப்பில் பிளாஸ்டிக் துப்பாக்கி, நான் உருவ வேண்டும். ஓடி வந்தவன் லூக்காஸ், நல்ல பெடியன், ஒவ்வொரு தரமும் என் விலாவில் குத்திவிட்டு "மன்னிக்கவும்" என்றான். ஒரு தரம்கூட எனக்கு நேரம் போதவில்லை. மற்றவர்களுக்கும்தான்.

"இதுதான் இன்றைய பாடம்," என்றார் குன்ட்டர். "துப்பாக்கிக்கு இடைவெளி வேண்டும்."

எனக்கு எந்தக் காலம் இடைவெளி இருந்தது? குசினி அடுப்படி, கட்டில், கார். எல்லாம் ஒரு கை தூரம். கழகத்தில் பத்துக்குப் பத்து எடுத்த நாட்களில் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

சுடுதண்ணிப் பை ஒழுகுகிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும், பற்றுச்சீட்டைக் காணவில்லை.

கத்தும் பயிற்சி. ஆயுதத்துக்கு முதல் குரல் என்கிறார். எல்லோரும் "நில்!" என்று ஜெர்மனில் குரைத்தார்கள். எனக்குச் சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் அழப் பழகின தொண்டை. கடைசியில் வந்தது, தமிழில் வந்தது. "கிட்ட வராதை!" லூக்காஸ் அப்படியே நின்றுவிட்டான். என்ன மொழி என்று தெரியாது, ஆனால் நல்ல மொழி என்றார் குன்ட்டர்.

முடிந்த பிறகு அவரிடம் கேட்டேன், துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா. இல்லை. வேலை முடிய கம்பனிப் பெட்டகத்துக்குள். கழகத் துப்பாக்கியும் கழக அலுமாரிக்குள்தான். யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். 

"நீங்கள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லித் தருவது எல்லாவற்றையும்விட அது பெரிது. அதைக் காப்பாற்றுங்கள்."

ரயிலில் வரும்போது நெஞ்சு கொஞ்சம் இலேசாக இருந்தது. கனகாலத்துக்குப் பிறகு.

நவம்பர் 15, சனி

வெயில்! பரீட்சை பாஸ். சான்றிதழ் மேசையில். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன், உறைப்புக் கூடிவிட்டது.

யாருக்காவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சின்னம்மாவுக்கு எடுத்தேன். பாஸ் என்றது அவவின் காதில் விழவில்லை.

"காட் கிடைச்சுதோ, பிள்ளை?"

"எந்தக் காட்? நீங்கள் இன்னும் வரேல்லையே."

"முழங்கால் ஏலாமல் கிடக்கு, ரயில் ஏறேலாது. உன்ர மனிசனாயிருந்த தம்பி கிழமைக்கு ஒருக்கா லொறியோட உந்தப் பக்கம் வாறவன்தானே. 'குடுங்கோ மாமி, நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்' எண்டு என்ன பணிவாக் கேட்டவன். திருந்திட்டான், பிள்ளை. விலாசத்தைக் காட்டிலயே வடிவா எழுதிக் குடுத்தனான்."

 போனை வைத்துவிட்டேன்.

பொலிசுக்கு எடுத்தால் கேட்பார்கள், ஏதாவது நடந்ததா என்று. இன்னும் இல்லை. வீடு மாறவும் இனி மனத்தில் தெம்பு இல்லை.

கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கரண்ட் பில், பீட்சாக் கடை விளம்பரம். கையை உள்ளே விட்டுத் தடவினேன். காட் இல்லை.

நேரில் வந்து கொடுப்பான். அதுதானே முறை.